புதுப்பிக்கப்பட்ட கிராமத்து பப்பில் மதிய உணவு: முதன்முறை செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் சிற்றூர் எதன் வழியாகச் சென்றாலும், தேவாலயத்துக்கு அருகிலோ சாலைகள் கூடும் இடத்திலோ, படம் வரைந்த பலகை தொங்கும் பழைய கட்டடம் ஒன்று கண்ணில் படும். இந்நாட்டில் பல ஆண்டுகளாக வாழ்ந்தும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகாத தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. மதுக்கடை என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி வேறு என்பதால், வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சாப்பிடப் போகலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை. ஆனால் பப் என்ற சொல்லே ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொது வீடு, என்பதன் சுருக்கம்தான். ஒரு சொட்டு மதுவும் அருந்தாமல், ஒரு மதிய வேளை முழுவதும் அங்கே அமர்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதை யாரும் வியப்பாகப் பார்க்க மாட்டார்கள். அண்மையில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட பப் உங்கள் பக்கத்தில் இருந்தால், முதல் அனுபவத்துக்கு அதுவே பொருத்தமானது. மதிய வேளையே பொருத்தமான நேரமும்கூட. பகல் வெளிச்சத்தில் இடத்தை நன்றாகப் பார்க்கலாம், இரைச்சல் குறைவாக இருக்கும், பணியாளர்களிடம் நிதானமாகக் கேள்வி கேட்கவும் முடியும்.

கிராமத்து பப்புகள் ஏன் இவ்வளவு செலவு செய்து புதுப்பிக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், உள்ளே காணப்போவது எளிதாகப் புரியும். 1991இல் லண்டனின் ஃபாரிங்டன் சாலையில் உள்ள ‘தி ஈகிள்’ என்ற பப், மதுவுக்கு இணையாக நல்ல சமையலையும் முன்னிறுத்தியது. ‘காஸ்ட்ரோபப்’ என்ற சொல் அந்த இடத்தோடு சேர்ந்தே பரவியது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டபோது, புகை மண்டிய கூடங்கள் குடும்பங்கள் அமரக்கூடிய இடங்களாக மாறின. குடிக்க மட்டும் வருபவர்களை நம்பி ஒரு சிற்றூர்க் கடையை நடத்துவது கடினமாகிவிட்டதால், சமையலறையைப் பெரிதாக்கி, மேசைகளைக் கூட்டி, தொலைவில் இருப்பவர்களையும் சாப்பிட வரவழைப்பதே பல பப்புகளுக்குப் பிழைக்கும் வழியாக இருக்கிறது. ஆகவே புதுப்பித்த பப்பில் பெரும்பாலும் இரண்டு இடங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்: ஒன்று ஊர்க்காரர்களின் பழைய கூடம், மற்றொன்று வெளியூர் விருந்தினரின் உணவகம். இவற்றில் எதில் இருக்கிறோம் என்பதை அறிந்து நடந்துகொள்வதே நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி. மற்றவை எல்லாம் அதிலிருந்து வருபவை.

திறந்த முதல் வாரத்திலேயே போக வேண்டாம் என்பது என் கருத்து. புதிய அடுப்பும் புதிய ஆட்களும் ஒருவருக்கொருவர் பழக மூன்று நான்கு வாரங்களாவது ஆகும். அதற்குள் போனால் உணவு தாமதமாவதையும், பட்டியலில் பாதி இல்லை என்று சொல்லப்படுவதையும் கண்டு, நல்ல இடத்தைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். நாள் தேர்வும் முக்கியமானது. பல கிராமத்து பப்புகள் திங்கட்கிழமையில் மூடியிருக்கும், அல்லது கதவு திறந்திருந்தாலும் சமையலறை இயங்காது. பப் நாள் முழுவதும் திறந்திருப்பதால் எந்த நேரத்திலும் சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பல இடங்களில் மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கி 2 அல்லது 2.30 மணிக்கு முடிந்துவிடும், அதன் பிறகு மாலைவரை அடுப்பு அணைந்தே இருக்கும். நம் வீடுகளில் விடுமுறை நாள் சாப்பாடு 3 மணிக்குத் தொடங்குவது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: 12.30க்கு மேசை பதிவு செய்யுங்கள், அந்த நேரத்துக்கே போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுப்பில் வாட்டிய இறைச்சியோடு வரும் ரோஸ்ட் உணவுக்காகக் கூட்டம் வரும், பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது. முதல் முறைக்குப் புதன், வியாழன் போன்ற வார நாளே மேல். இரண்டு வகை அல்லது மூன்று வகை உணவை ஒரே குறைந்த விலைக்குத் தரும் மதியப் பட்டியல் அந்த நாள்களில்தான் பல இடங்களில் கிடைக்கிறது.

பதிவு செய்யும்போது நான்கு செய்திகளைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது நல்லது. எத்தனை பேர், அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்பது முதலாவது. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துபவர் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களில் எதிர்பாராத இடங்களில் படிகள் இருக்கும், கழிப்பறை மாடியில் இருப்பதும் உண்டு. மூன்றாவது நாய்கள் பற்றியது. கிராமத்து பப்புகளில் பெரும்பாலானவை நாய்களை உள்ளே அனுமதிக்கின்றன, அவை எசமானரின் காலடியில் அமைதியாகப் படுத்திருக்கும். நாய்க்கு அஞ்சும் குழந்தை உங்களோடு வருகிறது என்றால், நாய்கள் வராத பகுதியில் மேசை வேண்டும் என்று கேளுங்கள். உணவகப் பகுதியை அப்படி ஒதுக்கியிருக்கும் இடங்கள் பல. நான்காவது, உங்கள் உணவுக் கட்டுப்பாடுகள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

போவதற்கு முன் உணவுச் சுகாதார மதிப்பெண்ணையும் பார்த்துவிடலாம். 0 முதல் 5 வரை வழங்கப்படும் இந்த மதிப்பெண்ணை வாயிலில் ஒட்டுவது வேல்ஸில் சட்டப்படி கட்டாயம். இங்கிலாந்தில் கட்டாயமில்லை, ஆனால் உணவுத் தர முகமையின் இணையதளத்தில் எல்லா இடங்களின் மதிப்பெண்ணும் இருக்கும். புதுப்பித்தலோடு உரிமையாளரும் மாறியிருந்தால், ஆய்வுக்குக் காத்திருக்கிறது என்ற குறிப்பு மட்டும் அங்கே இருக்கலாம். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

காரில் போகிறீர்கள் என்றால், ஓட்டுபவர் மது அருந்தாமல் இருப்பதே சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. ஸ்காட்லாந்தில் 2014 முதல் அது 50 மில்லிகிராம். இந்த எண் எத்தனை கோப்பைக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் அது ஆளுக்கு ஆள் மாறும். நடந்து போக விரும்புபவர்களுக்கு, நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுள்ள வரைபடம் உதவும். அதில் பப்புகளும் குறிக்கப்பட்டிருக்கும். வயல் வழியாக ஒரு மணி நேரம் நடந்து பசியோடு போய்ச் சேர்வது எனக்கு மிகவும் பிடித்த முறை. காலணியில் சேறு இருந்தால் வாசலிலேயே நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். பழைய பப்பில் கல்தரை எதையும் தாங்கும், புதுப்பித்த பப்பில் கம்பளம் விரித்திருக்கலாம்.

உள்ளே நுழைந்தவுடன் செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் தடுமாறுகிறார்கள். நானும் குடும்பத்தாரும் முதன்முறை சென்றபோது, காலியாக இருந்த மேசையில் அமர்ந்து, யாராவது வந்து கேட்பார்கள் என்று இருபது நிமிடங்கள் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. எங்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்று அப்போது மனம் வருந்தியது. உண்மை அதுவன்று. பப் மரபில் விருந்தினர்தாம் கவுன்டருக்குச் சென்று கேட்க வேண்டும், பணமும் அங்கேயே பெரும்பாலும் முன்கூட்டியே கொடுக்கப்படும். புதுப்பித்த இடங்களிலோ மேசைக்கே வந்து கேட்கும் உணவக முறை பரவலாகிவிட்டது. சில இடங்களில் கூடத்தில் ஒரு முறையும் உணவகத்தில் இன்னொரு முறையும் நடைமுறையில் இருக்கும். எனவே நேராகக் கவுன்டருக்குச் சென்று, உங்கள் பெயரையும் பதிவையும் சொல்லி, ‘இங்கே வந்து சொல்ல வேண்டுமா, மேசையிலேயே கேட்பீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். கவுன்டரில் சொல்ல வேண்டும் என்றால், மேசையில் ஒட்டியுள்ள எண்ணை முதலில் பார்த்துக்கொண்டு போங்கள்.

கவுன்டரில் வரிசை இருக்காது. எல்லாரும் பரவலாக நிற்பார்கள், ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார் என்பதை அங்கிருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருப்பார்கள். உங்களுக்கு முன் வந்தவரைத் தவறுதலாக விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால், ‘அவர் எனக்கு முன்பே வந்தார்’ என்று சொல்வது மிகவும் மதிக்கப்படும் பண்பு. கையைத் தட்டுவதும், விரலைச் சொடுக்குவதும், பணத்தை நீட்டிக் காட்டுவதும் கூடாது. கண்ணைப் பார்த்தால் போதும். கவுன்டரின் ஓரத்தில் உயரமான முக்காலிகளில் ஊர்க்காரர்கள் அமர்ந்திருக்கலாம். அவர்களில் சிலர் பல ஆண்டுகளாக அதே முக்காலியில் அமர்பவர்கள். அவர்களுக்குத் தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டு, வாங்கிய பானத்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டால், அடுத்தவருக்கும் வழி கிடைக்கும்.

பானங்களைப் பொறுத்தவரை, மது அருந்தாதவருக்குப் பழச்சாறு, எல்டர்பூ கார்டியல் என்னும் பூச்சாற்றுப் பானம், இஞ்சிச் சாறு கலந்த ஜிஞ்சர் பியர், ஆல்கஹால் நீக்கிய பியர் எனப் பல உண்டு. ஜிஞ்சர் பியர் பெரும்பாலும் மதுவற்றதே என்றாலும், மதுவுள்ள வகையும் விற்கப்படுவதால் குழந்தைகளுக்கு வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்கும் உரிமம் பெற்ற இடங்கள், வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஒரு ஜக் தண்ணீர் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. அருந்துபவர்களுக்கு அளவுகள் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர், அரை பைன்ட் 284 மில்லிலிட்டர். திராட்சை மது 125, 175, 250 மில்லிலிட்டர் அளவுகளில் வரும். ‘ஒரு கிளாஸ்’ என்று மட்டும் சொன்னால் எந்த அளவு வரும் என்று சொல்ல முடியாது. கைப்பிடியை இழுத்து ஊற்றப்படும் காஸ்க் ஏல் என்னும் பீப்பாய் பியர், நிலவறைக் குளிரில், ஏறத்தாழ 11 முதல் 13 பாகை செல்சியஸில் தரப்படுவது. அது கெட்டுப்போய்ச் சூடாகிவிட்டதாக எண்ண வேண்டாம், அதன் சுவையே அந்த வெப்பநிலையில்தான் தெரியும். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் சிறிது சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம். மது வாங்க வயது 18 ஆக வேண்டும். 25க்குக் கீழ் தோற்றம் இருந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள்.

இனி உணவு. தமிழ்க் குடும்பங்களுக்கு மிக அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். உணவுப் பட்டியலில் ‘வி’ என்ற எழுத்து சைவத்தையும், ‘வி.இ.’ அல்லது ‘வி.ஜி.’ என்பது பால்கூடச் சேர்க்காத வீகன் உணவையும் குறிக்கும். இங்கே ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லில் முட்டை அடங்கும்; நம் வீட்டுச் சைவம் அதுவன்று. முட்டையும் சேர்க்காதவர்கள் ‘வி’ குறியை மட்டும் நம்பாமல், ‘முட்டை இல்லாமல் வேண்டும்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது வீகன் உணவைத் தேர்ந்தெடுப்பது எளிது. பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பவையும் உண்டு. யார்க்‌ஷயர் புடிங் என்பது மாவு, முட்டை, பால் சேர்த்த கலவை. அதை மாட்டுக் கொழுப்பில் சுடுவது பழைய வழக்கம். ரோஸ்ட் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ பொரிக்கும் சமையற்காரர்கள் உண்டு, புதுப்பித்து மேம்படுத்திய சமையலறைகளில் அதைப் பெருமையாகவே செய்வார்கள். கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்யப்படுவது. சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம். வெல்ஷ் ரேர்பிட் என்னும் சீஸ் தடவிய ரொட்டியில் சேர்க்கும் வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி போன்ற சிறு மீன் உண்டு. பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் செய்யப்படுவது. பன்னா கோட்டா போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். ஸூவெட் என்ற பெயரில் வரும் வேகவைத்த புடிங்குகளில் பெரும்பாலும் விலங்கின் கொழுப்பு இருக்கும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இதே பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கோழி ரோஸ்ட் கேட்டாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்த கிரேவி அதன்மேல் ஊற்றப்பட்டு வரலாம். ஹலால் உணவு தேவைப்படுபவர்கள் தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான கிராமத்து பப்புகளில் அது இருக்காது, மீனும் காய்கறியுமே வழி. மீனிலும் மாவுக் கலவையைக் கேட்டுப் பாருங்கள், அது பியர் ஊற்றிக் கரைத்ததாக இருப்பது மிகச் சாதாரணம். இவற்றையெல்லாம் கேட்டால் தொந்தரவாக எண்ணுவார்களோ என்று தயங்க வேண்டாம். பால், முட்டை, மீன், கடுகு, எள், நிலக்கடலை உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்கள் எந்த உணவில் உள்ளன என்ற தகவலை உணவகங்கள் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒவ்வாமை வேறு, விருப்பம் வேறு என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்றால் சமையலறையில் தனிப் பாத்திரம் எடுக்க வேண்டியிருக்கும். விரதம் அல்லது நம்பிக்கை என்றால் எந்தப் பொருள் கூடாது என்று சொன்னாலே போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு சமையலறையின் தரத்தை அறிய நான் முதலில் கேட்பது ‘பை’ என்னும், மாவுறைக்குள் குழம்பை வைத்துச் சுட்ட உணவு. அடியிலும் பக்கங்களிலும் மேலேயும் மாவு சூழ்ந்து வருவதே முழுமையான பை. குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி மேலே மட்டும் ஒரு மாவுத் தகடு வைத்துத் தருவது எனக்கு ஏமாற்றமாகவே இருக்கும். மீனும் சிப்ஸும் அடுத்தது. அதனுடன் வரும் மசித்த பட்டாணி நம் நாக்குக்கு உப்பும் மிளகும் கேட்கும், மேசையிலேயே இரண்டும் இருக்கும். அதிகப் பசி இல்லாதவர்களுக்கு ‘பிளவ்மன்ஸ் லஞ்ச்’, அதாவது உழவர் மதிய உணவு, பொருத்தமானது: சீஸ், ரொட்டி, ஊறவைத்த வெங்காயம், இனிப்பும் புளிப்புமான சட்னி. ரொட்டியும் சீஸும் உழைப்பாளிகளின் பழைய உணவுதான் என்றாலும், அந்தப் பெயர் நாடு முழுவதும் பரவியது 1950களிலும் 60களிலும் சீஸ் விற்பனையைப் பெருக்க நடந்த விளம்பரங்களால்தான். காரம் எதிலும் இருக்காது. ஆங்கிலக் கடுகும், மாட்டிறைச்சியோடு வரும் ஹார்ஸ்ரேடிஷ் என்னும் வேர் விழுதும் மூக்கில் ஏறுமே தவிர மிளகாய்க் காரம் தராது. இங்கிலாந்துச் சமையலின் நயம் காரத்தில் இல்லை, நெடுநேரம் வாட்டுவதிலும் வெண்ணெயிலும் இருக்கிறது என்று எண்ணிச் சாப்பிட்டால் சுவை பிடிபடும். இனிப்புக்குப் பேரீச்சம்பழத்தில் செய்யும் ஸ்டிக்கி டாஃபி புடிங்கை இருவருக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். முதன்மை உணவோடு காய்கறி வருகிறதா, அதற்குத் தனி விலையா என்பதை முன்பே பார்ப்பது நல்லது, ஏனெனில் புதுப்பித்த இடங்களில் துணை உணவுகளைத் தனியாக விற்பது கூடிவிட்டது.

உணவு வரும்வரை சுற்றிப் பாருங்கள், ஏனெனில் புதுப்பித்தல் நன்றாக நடந்திருக்கிறதா என்பதை அப்போதுதான் அறிய முடியும். பழைய பப்புகள் பல, பாதுகாக்க வேண்டியவை என்று அரசால் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள். அவற்றின் உட்புறத்தில் தன்மையை மாற்றும் வேலை எதைச் செய்வதற்கும் முன் அனுமதி பெற வேண்டும், பெறாமல் செய்வது குற்றம். அதனால்தான் புதிய நாற்காலிகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, தலை இடிக்கும் உயரத்தில் ஓக் உத்தரங்களும், ஓர் ஆள் உள்ளே நிற்கக்கூடிய அகன்ற கணப்படுப்பும் அப்படியே இருக்கின்றன. அந்தக் கணப்பில் உண்மையான விறகு எரிகிறதா, அல்லது அலங்காரத்துக்கு மெழுகுவத்தி அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பளத்தையும் திரைச்சீலையையும் எடுத்துவிட்டு வெறும் மரமும் கல்லுமாக ஆக்கியிருந்தால் பேச்சொலி எதிரொலித்துக் காது வலிக்கும். முதியவர்கள் உடன் வந்தால் சுவர் மூலையில் மேசை கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நான் தேடுவது ஒன்று உண்டு: சாப்பிடாமல் ஒரு கோப்பை மட்டும் வாங்கி அமர வந்த ஊர்க்காரருக்கு இன்னும் இடம் இருக்கிறதா? எல்லா மேசைகளிலும் கத்தியும் முள்கரண்டியும் வைத்து, அந்த முதியவர் நிற்க இடமில்லாமல் செய்திருந்தால், சமையல் எவ்வளவு சிறந்ததாயினும் அங்கே ஒரு பப் அழிந்து உணவகம் வந்திருக்கிறது என்றே வருந்துவேன். அவர் கணப்பருகே செய்தித்தாளோடு அமர்ந்திருக்க, பக்கத்து மேசையில் உங்கள் குழந்தைகள் மீனும் சிப்ஸும் சாப்பிட முடிந்தால், செலவிட்ட பணம் சரியாகச் செலவிடப்பட்டிருக்கிறது.

பெயர்ப் பலகையையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ‘ராயல் ஓக்’ என்று இருந்தால், 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற மன்னர் இரண்டாம் சார்லஸ் பாஸ்கோபெல் என்ற இடத்தில் ஓக் மரத்தில் ஒளிந்து உயிர் தப்பிய கதையைச் சொல்லலாம்.

பணம் கொடுக்கும்போது பட்டியலிலுள்ள விலையில் வாட் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும், தனியாகச் சேராது. சேவைக் கட்டணம் என்று 10 அல்லது 12.5 விழுக்காடு சேர்த்திருந்தால், அது விருப்பத்துக்கு உட்பட்டது என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். சேவை மோசமாக இருந்தால் நீக்கச் சொல்லலாம், நன்றாக இருந்தால் அதற்குமேல் எதுவும் தர வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், இப்படி வாடிக்கையாளர் தரும் தொகையை நிறுவனம் பிடித்துக்கொள்ளாமல் முழுவதையும் பணியாளர்களுக்கே தர வேண்டும் என்பது சட்டம். கவுன்டரில் வாங்கிய பானத்துக்கு அன்பளிப்பு தேவையில்லை. மிகவும் அன்பாக நடந்துகொண்டவரிடம் ‘உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அதன் விலையைச் சேர்க்கச் சொல்வது பழைய பப் மரபு. மிஞ்சிய உணவை எடுத்துச் செல்லப் பெட்டி கேட்கலாம்.

உணவில் குறை இருந்தால், சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குறைகூறுவதைவிட, இரண்டு வாய் சாப்பிட்டதும் அமைதியாகச் சொல்லிவிடுவதே நியாயம். புதிதாகத் திறந்த இடத்துக்குத் தன் குறையை அறிய அதுவே வாய்ப்பு. நன்றாக இருந்தாலும் அதைச் சொல்லுங்கள். புறப்படும்போது, மேசையில் உள்ள காலிக் கோப்பைகளைக் கையில் எடுத்துச் சென்று கவுன்டரில் வைத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கட்டாயமில்லாத இந்த ஒரு செயலைப் பார்த்ததுமே, அடுத்த முறை நீங்கள் வரும்போது கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் முகம் நினைவில் இருக்கும்.